மூடியில் செத்தவர்கள்

அருங்காட்சியகக் கிடங்கில் பத்தொன்பது வருடம் பெட்டி தூக்கியதில் அவனுக்கு இடுப்பும் தேய்ந்தது, சொந்தபந்தமும் தீர்ந்தது. பெட்டிகளுக்கு ஆணி அடிப்பவன் என்பதால் ‘ஆணி’ என்றே கூப்பிடுவார்கள். சொந்தம் தீர்ந்ததற்குக் காரணம் மேற்பார்வையாளர். கண்காட்சி நேரத்தில் சாவுக்கு மட்டும்தான் லீவு என்பது அவர் சட்டம். ஆகவே ஆணிக்குப் பல் வலித்தால் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சித்தி கண்ணை மூடினாள். தலைக்கேறிய போதை இறங்காத ஒரு திங்கட்கிழமை, ஒன்றுவிட்ட மச்சான் லாரியில் அடிபட்டார்.

கிடங்கில் எல்லோருக்கும் இதே பிழைப்பு. செத்தவரே மறுபடி சாகக் கூடாதே என்று ஒரு பழைய பலகை மூடியின் உள்பக்கம் குறித்து வைப்பார்கள். ஆணி வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்த வழக்கம் அது. எழுதப் படிக்கத் தெரியாத கூட்டம், அதனால் எல்லாம் படம். மீன், செருப்பு, ஆணி என்று ஆளுக்கொரு அடையாளம், பக்கத்தில் செத்தவர். மீசை போட்டால் மாமா. கொண்டையும் உலக்கையும் போட்டால் மாமியார்.

இந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆணியின் மகள் நர்சாக உறுதிமொழி எடுக்கிறாள். பள்ளி ஆண்டுவிழா, பரிசளிப்பு என்று ஒன்றுக்கும் அவன் போனதில்லை. “இதுக்கும் வரலன்னா இனிமே கூப்பிட மாட்டேம்ப்பா” என்று சொல்லிவிட்டாள். கொல்ல ஆளில்லாமல் அவன் விழித்தபோது, வீட்டிலேயே இருந்த மாமியார் காலை நீட்டி உட்கார்ந்தபடி வழி சொன்னாள்.

“என்னயப் போட்டுடு மாப்ள. நான்தான் மிச்சம். ஆனா செத்தாலும் விழாவுக்கு வருவேன், சொல்லிட்டேன்.”

மனைவி மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

ஆணி நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன். பெட்டிமேல் ‘உடையும் பொருள்’, ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பார்த்துப் படித்தது. கற்ற வித்தையைக் காட்டாமல் இருக்க முடியுமா? புதன்கிழமை மூடியில் கொண்டையும் உலக்கையும் போடாமல், ‘ஆணி, மாமியார் சாவு, வெள்ளி பத்து மணி’ என்று கறுப்பு மையில் முத்து முத்தாக எழுதினான். மை காயட்டும் என்று மூடியைத் திருப்பி மற்ற மூடிகளோடு சாய்த்து வைத்தான். சாயங்காலம் அவசரத்தில் அதையே எடுத்து ஒரு பெட்டிமேல் வைத்து எட்டு ஆணி அடித்ததும் அவன்தான்.

வியாழக்கிழமை கண்காட்சிக் கூடத்தில் அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே எகிப்தில் கிடைத்த ஒரு கல்லின் நகல். வெறும் சாந்து, அதற்கும் நாலு பேர் வேண்டும் என்று மேற்பார்வையாளர் அடம்பிடித்திருந்தார். வெயிலோ மழையோ, கையில் தொங்கும் குடையோடு நின்று வேலை வாங்குவார். அவரும் ஒரு காலத்தில் பெட்டி தூக்கியவர்தான்.

கல்லுக்குப் பொறுப்பான ஆராய்ச்சி அம்மா கல்லைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்த்தார். படங்களைத் தடவிக்கொண்டே வந்தவர், கடைசி வரியை உரக்கப் படித்தார். இத்தனை வருடம் படம் போட்டபோது மாட்டாதவன், எழுத்துக் கற்றதும் மாட்டினான்.

மேற்பார்வையாளர் மெதுவாகத்தான் கேட்டார். “நாளைக்குச் சாகப்போறவங்கள இன்னைக்கே எழுதி வச்சிருக்கியே, நேரம் வேற குறிச்சு. உன் மாமியாருக்குச் சொல்லிட்டியா?”

“அவங்கதான் யோசனையே சொன்னாங்க, சார்.”

நாளைக்கு வராவிட்டால் இனி எப்போதுமே வர வேண்டாம் என்றார் அவர். ஆணி கையிலிருந்த கடப்பாரையைக் கீழே வைத்தான். மகள் முகமும் மாதச் சம்பளமும் மாறி மாறிக் கண்முன் வந்தன.

ஆராய்ச்சி அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்லில் இருப்பதும் இதேதான் என்றார். மூவாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் ராஜாக்களுக்குக் கல்லறை வெட்டியவர்கள் எந்தெந்த நாள், என்ன காரணத்தால் வேலைக்கு வரவில்லை என்ற பட்டியலாம். ஒருவனைத் தேள் கடித்தது. ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சினான். ஒருவனுக்குக் கண் நோவு. ஆணிக்கு வயிறு எரிந்தது. பீர் காய்ச்ச லீவு விட்டவன் மகராசன்.

அம்மா மூடியின் முதல் வரிக்கு விரலைக் கொண்டுபோனார். “இவருக்கு மட்டும் நாலு கொண்டை, நாலு உலக்கை. குடை படம் போட்டிருக்கே, இது யாரு?”

தூக்க வந்த நாலு பேரும் கூரையைப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் குடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஆனாலும் கைப்பிடி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தது.

“பழைய ஆளுங்க யாரோம்மா” என்றான் ஆணி. “போய்ச் சேந்திருப்பாங்க.”

மேற்பார்வையாளர் தொண்டையைக் கனைத்தார். லீவு நோட்டை எடுத்து, வெள்ளிக்கிழமைக்கு நேராக ஆணியின் பெயரை எழுதி, காரணம் என்ற இடத்தில் ‘தேள் கடி’ என்று போட்டுக் கையெழுத்தும் போட்டார். “உன் மாமியார் உசுரோட இருக்கட்டும்யா” என்றார்.

மறுநாள் விழாவில் மாமியார் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் விடச் சத்தமாகக் கைதட்டினாள். சனிக்கிழமை ஆணி மரியாதைக்கு நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனான்.

மேற்பார்வையாளர் கூப்பிட்டார். “காலையில வலது கால் நொண்டின. இப்ப இடது காலா?”

“ரெண்டு தேளு, சார்” என்றான்.