அத்தானின் பாட்டு எந்த ஃபோல்டரில்?

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனைவியின் திட்டிலிருந்து பிறந்தது. அவள் ப்ரோகிராம் எழுதுகிறவள். "ஒருத்தரோட பாட்டு, படமெல்லாம் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு ப்ரோகிராம் தானா ஊகிக்கக் கூடாதுங்க. கம்ப்யூட்டர்கிட்டக் கேக்கணும். ஆளாளுக்கு ஒரு இடத்துல வச்சிருப்பாங்க" என்றாள். "இதுல என்ன கதை இருக்கு?" என்று வாயைக் கொடுத்தேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2

தொடக்கம் ஒன்று: கணினித் திரையின் நீல ஒளி அவள் முகத்தில்

வேண்டாம். யார் கதையைத் திறந்தாலும் இந்த நீல ஒளிதான் விழுகிறது.

தொடக்கம் இரண்டு: தங்கைக்கு அவசரக் குணம்.

இது தேவலை. தங்கையும் ப்ரோகிராம் எழுதுகிறவள்தான். (என் மனைவி இல்லை. அவள் இதைப் படிப்பாள், அதனால் அடித்துச் சொல்கிறேன்.) அக்கா வீட்டில் பழைய கம்ப்யூட்டரைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினார்கள். கொடுப்பதற்கு முன் பழையதில் இருப்பதைக் காப்பி எடுக்கத் தங்கை ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தாள். அக்காவுக்கு வேண்டியது பாட்டு ஃபோல்டர். அதில் அக்காவின் கணவர், அதாவது அத்தான், பாடுகிறார், குளியலறையில், சுருதி என்று ஒன்று இருப்பதே தெரியாமல். அக்கா கதவுக்கு வெளியே நின்று திருட்டுத்தனமாகப் பதிவு செய்தவை. போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அத்தானுக்குக் காற்றுதான் வருகிறது, குரல் வருவதில்லை.

(அழவைக்கப் பார்க்கிறேனோ என்று எனக்கே சந்தேகம். ஆபரேஷனை வெட்டிவிட்டு ஒரு கல்யாண வீடியோவை வைத்துப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. அத்தானே இருக்கட்டும்.)

3

கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு ஃபோல்டர் உண்டு. பாட்டு ஃபோல்டர் அதற்குள்தான் இருக்கும் என்று தங்கை கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டாள். அவள் மெஷினில் அப்படித்தான். அத்தானோ, இடம் போதவில்லை என்று எப்போதோ அதை இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தார். கம்ப்யூட்டருக்கு அது தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

அத்தோடு விட்டிருந்தால் 'அப்படி ஃபோல்டரே இல்லை' என்று ப்ரோகிராம் நின்றிருக்கும். தங்கைக்குத் தங்கமான மனசு. 'இல்லையென்றால் ஒன்றை உருவாக்கிக்கொள்' என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அது சமர்த்தாக ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, அந்தக் காலியைச் சிந்தாமல் சிதறாமல் காப்பி எடுத்து, 'எல்லாம் முடிந்தது' என்றது. பழைய மெஷின் கடைக்குப் போயிற்று.

"என்னடி, ஒண்ணுமே இல்ல?" என்றாள் அக்கா, புதியதைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில்.

"நல்லாப் பாருக்கா."

"பாத்துட்டுதான்டி சொல்றேன். அவர் பாட்டு ஒண்ணுகூட இல்ல."

தங்கை போனை வைத்தாள். தான் எழுதிய வரிகளைத் திறந்தாள். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. காலில் செருப்பைக்கூட… (செருப்பு கிடக்கட்டும், அதுவும் எல்லாக் கதையிலும் வருவதுதான்.) கடைக்கு ஓடினாள்.

4

"காலைல வந்ததெல்லாம் அழிக்கப் போட்டாச்சே மேடம்" என்றார் கடைக்காரர். "முதல் டிஸ்க் போயிடுச்சு. ரெண்டாவது என்ன ஆச்சுன்னு தொறந்து பாத்தாதான் தெரியும்."

அதற்குள் போன் அடித்தது. அத்தான். அந்தக் காற்றுப் பேச்சு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டால்தான் கேட்கும்.

"போனா போகுது விடும்மா. நான் என்ன நல்லாவா பாடினேன்? அழிஞ்சிருந்தா அழிச்சவருக்குப் புண்ணியம்."

சிரிப்பதா அழுவதா என்று தங்கைக்குத் தெரியவில்லை. போனை அக்கா பிடுங்குவது கேட்டது.

"அவருக்கு என்னடி, அவருக்கு வேணாம். எனக்கு வேணும்."

5

இதுவரை படித்த என் மனைவி, "ரெண்டாவது டிஸ்க்ல இருந்துச்சா, இல்லையா?" என்றாள்.

"தெரியல."

"எழுதறது நீங்கதானே?"

நான்தான். அழிந்துவிட்டது என்று எழுதினால் அக்காவிடம் நான் போய்ச் சொல்ல வேண்டும், என்னால் முடியாது. இருக்கிறது என்று எழுதினால் அத்தானைப் பாட வைக்க வேண்டும். அந்தக் கதவுக்கு வெளியே நான் நின்றதில்லை. அவர் குரல் எனக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் சுருதி சேராமல் பாடுகிறவர் ஒருவர் இருப்பார். அவர் குரல் உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் மவுஸை உங்கள் பக்கம் தள்ளுகிறார். நீங்களே திறந்து பாருங்கள்.