மேற்குச் சரிவின் கலைமான்

ஏப்ரல் பிறந்தால் நெவில் ஒரு வாரம் வீட்டில் தங்கமாட்டான். அந்த ஊரில் குளிர்காலத்துக்கு முன்னால் கலைமான்கள் துணை தேடி உறுமுகிற மாதம் அது. தைஹாபே ஊர் ஆண்களில் பாதிப் பேர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ருவாஹினி மலையில் போய்க் கிடப்பார்கள். அந்த வாரம் யார் வீட்டிலாவது குழாய் உடைந்தால் அது தன்பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருக்க வேண்டியதுதான், ஏனென்றால் ஊருக்கு இருந்த ஒரே பிளம்பர் நெவில்.

இந்த வருடம் அவன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி ராய்வின் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அப்படி அவள் சாய்ந்து நின்றால் விஷயம் பெரியது என்று அர்த்தம்.

"ஒன்பது வருஷமா போற, நெவ். ஒரு கிலோ கறி வந்திருக்கா இந்த வீட்டுக்கு?"

"ரெண்டாவது வருஷம் முயல் கொண்டுவந்தேனே."

"கொண்டுவந்த. வேனை மேல ஏத்திக் கொன்னுட்டு."

"அடிச்சது நான்தானே."

"அங்க போய் என்னதான் பண்ற?"

"ஒண்ணுமில்ல. சும்மா இருப்பேன்."

ஒன்பது வருடமாக இதே கேள்வி, இதே பதில். ராய்வின் கையைக் கட்டிக்கொண்டாள். "சரி. இந்தத் தடவை கறியோட வா. இல்லன்னா அடுத்த ஏப்ரல்லேர்ந்து அந்த வாரம் நாம ரெண்டு பேரும் ஷோனா வீட்டுக்குப் போறோம். வருஷா வருஷம்."

ஷோனா அவளுடைய அக்கா. கடல் தாண்டி கோல்ட் கோஸ்ட்டில் இருக்கிறாள். ஷோனாவின் கணவன் தன் வீட்டு நீச்சல் குளத்தைப் பற்றி மட்டுமே ஒரு வாரம் மூச்சுவிடாமல் பேசக்கூடியவன். அந்தக் குளத்தை நினைத்ததும் நெவில் மூட்டைக்கு இன்னொரு முடிச்சுப் போட்டான். இருந்தாலும் "சரி" என்றான். வேறு என்ன சொல்வது? அவள் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஊர்க்காரர்கள் அதிகம் போகாத பக்கத்து மலையடிவாரத்தில் ஒரு தகரக் குடில் உண்டு. அதில் ஒரு நோட்டு கிடக்கும். வருகிறவர்கள் பெயரையும், எந்தப் பக்கம் போகிறோம் என்பதையும் எழுதிவிட்டுப் போகவேண்டும். தொலைந்துபோனால் தேடுகிறவர்களுக்கு வசதி. ஆனால் எந்த வேட்டைக்காரன் தன்னுடைய நல்ல இடத்தை நோட்டில் எழுதி ஊருக்குத் தானம் செய்வான்? அந்த நோட்டில் உண்மை எழுதியவர்கள் நடைப்பயிற்சிக்கு வந்த வாத்தியார்கள் மட்டும்தான். நெவில் புரட்டிப் பார்த்தான். அவனுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள். ராவிரி, ஹாவெரா ஊர், வடக்குக் கணவாய்.

மேற்குச் சரிவு காலி என்று நெவிலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கிழக்கு ஓடை" என்று நோட்டில் திருத்தமாக எழுதிவிட்டு மேற்கே நடந்தான்.

மறுநாள் காலை புல்லெல்லாம் உறைபனி. நெவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கழிவுநீர்க் குழாயில் வெட்டியெடுத்த இரண்டடித் துண்டை வாயில் வைத்து உறுமினான். மானை ஏமாற்ற எல்லோரும் எதையாவது வைத்து ஊதுவார்கள். பிளம்பருக்குக் குழாய்க்கா பஞ்சம்? சத்தம் பள்ளத்தாக்கில் இறங்கி அடங்கியது. பிறகு எதிர்ச் சரிவிலிருந்து பதில் வந்தது.

அந்தக் குரலைக் கேட்டு அவனுக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. ஆழமான, கனத்த, ஊருக்கே சொந்தக்காரன் போன்ற குரல். கொம்பில் பன்னிரண்டு கிளையாவது இருக்கும் என்று கணக்குப் போட்டான். நெவில் உறுமினான். அது உறுமியது. இவன் கொஞ்சம் கோபமாக உறுமினான். அது அதைவிடக் கோபமாக, கடைசியில் இரண்டு முனகலும் சேர்த்து உறுமியது. மதியம் ரொட்டி தின்னும்போது மட்டும் இருவரும் ஓய்ந்திருந்தார்கள். மானும் அதே நேரத்தில் சாப்பிடப் போனது நெவிலுக்கு ரொம்பப் பொருத்தமாகப் பட்டது.

அன்று முழுக்க அது வெளியே வரவில்லை. மறுநாளும் அப்படியே. புதருக்குள்ளிருந்து பேசுகிறதே தவிர முகம் காட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும் எரிச்சல்பட்டிருப்பான். நெவிலுக்கோ நேரம் போனதே தெரியவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டே, இந்த மானைத் தன்னால் சுடமுடியுமா என்று யோசித்தான். சுட்டால் ஏப்ரல் தப்பிக்கும். சுடாவிட்டால் ஆயுசுக்கும் நீச்சல் குளம். ஆனால் இரண்டு நாள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவனை எப்படிச் சுடுவது? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டான்.

மூன்றாம் நாள் காலை எதிர்ப் புதர் நூறு கெஜத்தில் அசைந்தது. முழு மிருகமும் கண்ணில் படாமல் துப்பாக்கியைத் தூக்கக் கூடாது என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். நெவில் தொலைநோக்கியை எடுத்து, கொம்பைத் தேடினான். ஆரஞ்சு நிறத்தில் ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே மீசை. மீசைக்குக் கீழே ஊதுகிற மாட்டுக் கொம்பு ஒன்று. அந்தப் பக்கத்து மீசைக்காரனும் தொலைநோக்கியை வைத்து இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் ஒரே நேரத்தில் தொலைநோக்கியை இறக்கினார்கள்.

"யோவ், நீ வடக்குக் கணவாய்ல இல்ல இருக்கணும்?" என்று நெவில் கத்தினான்.

"நீங்க கிழக்கு ஓடைக்குப் போறவர்தானே? இங்க வேட்டைக்கு வர்றவங்க வேற யாரு? அதான் மேற்க நமக்குன்னு இருந்தேன்."

"நான் கிழக்கன்னு எழுதினது உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து தண்ணி எடுக்கக் குடிலுக்குப் போனப்ப நோட்டைப் பாத்தேன். கிழக்கன்னு எழுதியிருந்துச்சு, நம்பிட்டேன்."

ராவிரி இறங்கி வந்தான். கதவளவு ஆள். பையிலிருந்து சாசேஜ் எடுத்து நெவிலின் அடுப்பில் வதக்க ஆரம்பித்தான். இருவரும் நேருக்கு நேர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். இரண்டு நாள் ஒரு ஆண்பிள்ளையைப் பார்த்துக் காதல் மாதத்தில் உறுமியிருக்கிறார்கள், சும்மா இருக்குமா?

"உன் குரல் பிரமாதம்" என்றான் நெவில் கடைசியில். "பன்னிரண்டு கிளைன்னு நெனச்சேன்."

"நன்றி அண்ணே."

காத்திருந்து பார்த்துவிட்டு நெவிலே கேட்டான். "என்னை எப்படி நெனச்ச?"

ராவிரி சாசேஜைத் திருப்பிப் போட்டான். "கேக்காதீங்க."

"சொல்லு."

"வயசான மான். நெஞ்சுச் சளி. இந்தக் குளிர்காலம் தாண்டாதுன்னு நெனச்சேன். பாவம், பேச்சுத்துணைக்கு ஏங்குது, இதைச் சுடவேண்டாம்னு விட்டுட்டேன்."

நெவிலுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சாசேஜ் நன்றாக இருந்தது. வாயில் போட்டதும் கரைந்தது. எங்கே வாங்கினாய் என்று கேட்டான்.

"வாங்கல. நான் கறிக்கடைக்காரன். இருபத்திரண்டு வருஷமா கடை."

"கறிக்கடைக்காரனா? உனக்குக் கறிக்கா பஞ்சம்? எதுக்கு மலையேறி வர்ற?"

"என் பொண்டாட்டியும் அதையேதான் கேக்கறா" என்றான் ராவிரி. "நான் சொன்ன பதில் எதுவும் அவளுக்குப் புடிக்கல."

நெவில் தன் வீட்டு நிலவரத்தைச் சொன்னான். நீச்சல் குளம் வரைக்கும் சொன்னான். கறிக்கடைக்காரனுக்கு மனம் இளகிவிட்டது. கடையில் பண்ணைமான் தொடை இருக்கிறது, கொஞ்சம் சுற்றுதான், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். தொழில்காரன் என்பதால் கடைக்குப் போனதும் அவன் செய்த வேலையும் தொழில் சுத்தமாக இருந்தது. தொடையை வேண்டுமென்றே கோணலாக வெட்டி, நடுவில் தப்பாக ஒரு கத்திக்கீறல் போட்டு, மேலே கொஞ்சம் ரோமம், கொஞ்சம் பெரணி இலை, கொஞ்சம் மண். "யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. இவ்வளவு மோசமா வெட்ட எனக்கே கை கூசுச்சு" என்று பெருமூச்சுவிட்டான்.

நெவில் அந்தத் தொடையோடு வீடு வந்து சேர்ந்தபோது ராய்வின் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் ஆட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவள்.

"நீ அடிச்சதா?"

"ம்."

"ஒரே குண்டா?"

"ம்."

"சரி. அப்ப ஏப்ரல் உனக்குத்தான்." அவள் தொடையைக் கழுவி, பூண்டு செருகி, அடுப்பில் வைத்தாள். "மலையில எப்படி இருந்துச்சு?"

நெவிலின் வாயில் வழக்கமான பதில் தயாராகத்தான் இருந்தது. ஜெயித்தாகிவிட்டது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் கறி வேகிற மணம் வீடு முழுக்க ஏற ஏற அவன் இருந்த இடத்திலேயே நெளிந்தான். யாருக்கு வேண்டுமானாலும் புளுகலாம், அந்த இரண்டு நாளை ஒரு பண்ணைத் தொடைக்கு விற்கமுடியாது என்று பட்டது.

"நான் அடிக்கல, ராய்வின். ஒரு மானைக்கூடப் பாக்கல. ரெண்டு நாள் ஒரு கறிக்கடைக்காரனோட உறுமிக்கிட்டு இருந்தேன்."

ராய்வின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவன் நிறுத்தவில்லை. ஒன்பது வருடத்துக் குழாய் உடைந்துவிட்டது.

"மான்னுதான் நெனச்சேன். அது பதில் சொன்னப்போ எனக்கு அழுகை வந்துடுச்சு. ஏன்னு தெரியல. ஊர்ல எல்லாரும் என்னைக் கூப்பிடறாங்க, எல்லாம் அடைப்பு எடுக்கறதுக்கு. அங்க எவனுக்கும் நான் வேண்டாம். உக்காந்தே இருந்தேன். ஒரு சின்னக் குருவி வந்து பூட்ஸ் மேல ஏறி லேஸைப் புடிச்சு இழுத்துச்சு, புழுன்னு நெனச்சு. நான் அசையல. கால் மரத்துப்போச்சு, அப்பவும் அசையல. அது போனப்புறம் நன்றின்னு சொன்னேன். சத்தமா. யாருக்குன்னு எனக்கே தெரியாது. எல்லா வருஷமும் இப்படித்தான் ஏதாவது நடக்கும். வீட்டுக்கு வந்து இதை எப்படிச் சொல்றது? கறி கொண்டுவரப் போனவன் குருவி கதை சொன்னா நீ என்ன நெனப்ப? அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிடுவேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது. கோல்ட் கோஸ்ட் நீச்சல் குளம் கண்முன்னே நீலமாகத் தெரிந்தது.

ராய்வின் ஏப்ரன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கறிக்கடைக் கண்ணாடிப் பெட்டிகளில் அழகுக்கு வைக்கிற பச்சை இலை. பிளாஸ்டிக்.

"பெரணிக்கு நடுவுல இருந்துச்சு" என்றாள். "நீயா சொல்றியான்னு கறி வேகற வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்."

நெவில் தலையைக் குனிந்துகொண்டான். "டிக்கெட் போட்டுடு."

"போடத்தான் போறேன். எனக்கு மட்டும். நீ மலைக்குப் போ." அவள் எழுந்து அடுப்பைத் திறந்து தொடையைத் திருப்பிவைத்தாள். திரும்பும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அடுப்பு வெக்கை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "கறி வெறும் சாக்குதான், நெவ். ஒன்பது வருஷமா நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அங்க என்ன நடந்துச்சுன்னு. நீ ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு டிவியைப் போட்டுடுவ."

நெவில் எழுந்து போய் இரண்டு தட்டு எடுத்துவந்து வைத்தான்.

"அந்தக் குருவி என்ன கலர்?" என்று கேட்டாள் ராய்வின்.