கவ்வி

படுக்கையில் கிடந்த அப்பாவின் விரலில், ஆக்சிஜன் அளவு பார்க்க மாட்டியிருந்த கவ்வியை மகள் நேராக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஆய்வுக்கூடத்தில் அவளோடு வேலை பார்ப்பவன்.

“அக்கா, உங்கப்பாவோட கம்பி... அளவு திடீர்னு எகிறுது. உலையை அணைச்சிடட்டுமா?”

“கை வெச்சே, கொன்னுடுவேன்!”

அப்பா கண்ணைத் திறந்தார். “நிக்குதா?”

“நிக்குதுப்பா.”

“பொண்டாட்டி நிக்கிறாளா, விழுந்துட்டாளான்னு ஒருநாள் கேட்டிருப்பீங்களா?” என்றாள் அம்மா, ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்தபடி. அவர் வாயோரம் லேசாக நெளிந்தது.

ஓய்வு பெறும் முன் அவர் உருவாக்கிய நிக்கல் கலவை அது. விமான எஞ்சினுக்குள் சுழலும் தகடுகளுக்கானது. சாதாரண உலோகம் பல சின்னச் சின்னப் படிக மணிகளாக உறையும். கடும் சூட்டில் அந்த மணிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அதனால் தகடு முழுவதையும் ஒரே படிகமாக வளர்க்கிறார்கள். அப்படி வளர்த்த விரல் நீளக் கம்பி ஒன்று, கனன்று எரியும் உலைக்குள், எடையைத் தாங்கி மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. சூட்டில் அது மெல்ல மெல்ல நீளும். நீளும் வேகம் கூடினால் அறப்போகிறது என்று பொருள். இந்த மாதம் தாங்கினால் எஞ்சினுக்குள் போகும். அறுந்தால் அவருடைய அத்தனை வருட உழைப்பும் குப்பைக்கு.

மகள் போனோடு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“கம்பியக் கவ்விப் பிடிச்சிருக்கே அளவுகோல், அதோட பிடி நழுவியிருக்கும். உலைக்கு வெளியில இன்னொரு மானி இருக்கில்ல, அதப் பாரு. அது என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுக் கூப்பிடு.”

எண் தாறுமாறானால் முதலில் கருவியைச் சந்தேகி, பிறகுதான் உலோகத்தை. அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

அவள் முதுகுக்குப் பின்னால் கவ்வி கீச்சிட்டது. திரும்பினாள். எண்கள் சரிந்து, வெறும் கோடுகள் ஆயின.

“நழுவிடுச்சு.” வேறு விரலில் மாட்டினாள். கோடுகள். அதன் சிவப்பு ஒளி விரலை ஊடுருவி ரத்தத்தின் துடிப்பைப் படிக்கிறது. விரல் குளிர்ந்திருந்தால் படிக்காது. அவள் அவர் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தாள்.

“ஏண்டி...”

“கை சில்லுனு இருக்கும்மா, அதான்.”

“அவர் முகத்தப் பாரு.”

அவள் கவ்வியை அடுத்த விரலுக்கு மாற்றினாள். போன் மறுபடி அடித்தது.

“அக்கா! நீங்க சொன்னதேதான், பிடிதான் நழுவியிருக்கு. கம்பி ஜம்முனு நிக்குது. அப்பாகிட்ட உடனே சொல்லுங்க!”

அம்மா எட்டி ஆக்சிஜன் உருளையின் திருகை மூடினாள். இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்த சீறல் நின்றது.

சந்தேகத்துக்குரிய கருவியை, விடை தெரிந்த இடத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும். மகள் கவ்வியைக் கழற்றித் தன் விரலில் மாட்டிக்கொண்டாள்.

தொண்ணூற்றெட்டு. பக்கத்தில் சின்னப் பச்சைக் கோடு ஒன்று ஏறி ஏறி இறங்கியது.