அட்டை பிரித்த மாத்திரைகள்

மருந்துக்கடைக்காரருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மூக்குக்கண்ணாடிதான் இறங்கும். அன்று காலை கடை திறந்த கையோடு கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. எதிரே நின்ற லாரி ஓட்டுநர் ரத்த அழுத்த மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு, இப்போது தலைசுற்றலுக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தானேங்க இருந்துச்சு, அதான் விட்டுட்டேன்."

"நல்லா இருந்ததே மாத்திரையாலதான்யா. ஆரம்பிச்சு வச்சவர் டாக்டர். நிறுத்தச் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நடுவுல நீ யாரு?"

ஓட்டுநர் அசடு வழிந்தார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். இப்படித் திட்டு வாங்குவதற்கென்றே அந்தக் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. காலாவதியான மருந்தை ஒரு நாள்கூட அலமாரியில் விடமாட்டார், போலி மருந்து விற்கிறவனைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சிவந்துவிடும். அந்தத் தெருவுக்கு அவர்மேல் அப்படி ஒரு நம்பிக்கை.

அடுத்து வந்த பெண், மருந்துச் சீட்டை மடித்தபடியே நீட்டினாள். மனநல மருந்து. கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துப் பழுப்புத் தாளில் சுற்றினார், அதன்மேல் இன்னொரு தாளும் சுற்றினார். காய்ச்சல் மாத்திரையை அப்படியே கையில் தூக்கிக் கொடுக்கிறவர் இதற்கு மட்டும் இரட்டைச் சட்டை போட்டு அனுப்புவார். அந்தப் பெண்ணும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு போனாள். தான் செய்வது பெரிய உபகாரம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அதே மருந்து அவர் வீட்டுக்கும் தேவைப்பட்டது.

ஒரே மகள். பள்ளியில் அவளுக்கு வேறு பெயர், வீட்டில் வாயாடி. எழுந்ததும் ஆரம்பிக்கிற பேச்சு, தூங்கப் போகும்வரை ஓயாது. அப்பா போட்டிருக்கும் சட்டையிலிருந்து பள்ளி முதல்வரின் நடைவரை எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு கருத்து இருக்கும். அப்படிப்பட்டவள் பதினைந்து வயதில் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள். பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். தோழிகள் வந்தால் தலைவலி என்று சொல்லி அனுப்பினாள். தலை வாரிக்கொள்வதுகூட மலையைப் புரட்டுகிற வேலையாகிவிட்டது அவளுக்கு.

"வயசுக் கோளாறு. தானா சரியாயிடும்," என்றார் கடைக்காரர்.

"எது? நாள் பூரா சுவரைப் பாத்துக்கிட்டு படுத்திருக்கிறதா?" என்றாள் மனைவி. தபால் அலுவலகத்தில் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஊராரின் முகத்தைப் படித்துப் பழகியவள் அவள். மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்கான மனநல மருத்துவரிடம் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மருத்துவர் நரைத்த தலைமுடியும் நிதானமான பேச்சும் கொண்ட பெண்மணி. வாயாடியிடம் தனியாக வெகுநேரம் பேசினார். பிறகு பெற்றவர்களை உள்ளே கூப்பிட்டார்.

"இது சோம்பேறித்தனம் இல்ல, பிடிவாதமும் இல்ல. மனச்சோர்வு. இது ஒரு நோய். வாரா வாரம் கூட்டிட்டு வாங்க, பேசிப் பேசித்தான் பாதி சரி பண்ணணும். மீதிக்கு மாத்திரை. ரெண்டும் சேர்ந்தா இந்த வயசுப் பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க நல்லா தேறிடறாங்க. ஆராய்ச்சியும் அதத்தான் சொல்லுது, என் அனுபவமும் அதான். ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. தேறிட்டாளேன்னு நீங்களா நிறுத்திடாதீங்க. பாதியில நிறுத்தினா நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். எப்ப, எப்படிக் குறைக்கணும்னு நான் சொல்றேன்."

"இத நீங்க எனக்குச் சொல்லணுமா டாக்டர்?" என்று சிரித்தார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அட்டையிலிருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டதுதான். அட்டையில் மருந்தின் பெயர் அச்சடித்திருக்கிறதே, வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது படித்துவிட்டால்? தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவரே பாட்டிலைத் திறந்து, ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, தண்ணீரும் கையுமாக மகள் முன்னால் நிற்பார்.

சில வாரங்கள் ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகு ஒரு காலை, குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. தோசைக் கரண்டியோ துடைப்பமோ எதையோ கையில் பிடித்தபடி மனைவி அப்படியே நின்று கேட்டாள். குளித்துவிட்டு வந்த மகள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா சட்டை இது? ஜன்னல் திரையைக் கழட்டித் தைச்சுக்கிட்டியா?"

கடைக்காரர் கடைக்குப் போகிற வழியெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். பெயரில்லாத பாட்டிலை எடுத்துக் குலுக்கி, இது என்ன என்று கேட்டாள். கடைக்காரர் எதையோ சொல்லி மழுப்பப் பார்த்தார். மனைவி மறைக்கவில்லை.

"மனச்சோர்வுக்கு அண்ணி. டாக்டர் குடுத்தது."

அக்கா பாட்டிலைச் சட்டென்று கீழே வைத்தாள். மனைவி அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டு, தம்பியின் காதருகே வந்தாள்.

"புத்தி பேதலிச்சவங்களுக்குக் குடுக்கறதையாடா பெத்த பொண்ணுக்குக் குடுக்கற? பொண்ணு கலகலன்னுதானே இருக்கா, இன்னும் எதுக்கு இந்தக் கர்மம்? நாளைக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சா அவள யாருடா கட்டிக்குவான்? நல்லா இருக்கறப்பவே நிறுத்தித் தொலை."

லாரி ஓட்டுநரிடம் சொன்னதை அவர் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். மூக்குக்கண்ணாடி இறங்கக்கூட இல்லை. ஊர் வாய்க்குப் பயந்த மனுஷன், தலையை ஆட்டினார்.

வேறு அப்பனாக இருந்தால் மனைவியோடு சண்டை போட்டு மாத்திரையை நிறுத்தியிருப்பான். வீடு இரண்டுபட்டிருக்கும், மனைவி மருத்துவரிடம் ஓடியிருப்பாள், விஷயம் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இவருக்கு ஒரு கடை நிறைய மாத்திரை இருந்தது. எந்த மாத்திரை எதைப் போல இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய அனுபவமும் இருந்தது. அதே வெள்ளை, அதே வட்டம், நடுவில் அதே கோடு உள்ள ஒரு சத்து மாத்திரையைத் தேடி எடுத்தார். அட்டையைப் பிரித்தார். பாட்டிலில் நிரப்பினார். போலி மருந்துக்காரனைக் கண்டால் முகம் சிவக்கிறவர், பெற்ற பெண்ணுக்கே போலி மருந்து கொடுத்தார்.

வழக்கம்போலத் தண்ணீரும் கையுமாக நின்றார். அவளும் வழக்கம்போல விழுங்கினாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, தேவையே இல்லை என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். பிறகு பாட்டு நின்றது. சட்டையைப் பற்றிய கிண்டல் நின்றது. தட்டில் சோறு மீந்தது. மருத்துவர் கேட்டபோது, "மாத்திரை சரியாத்தான் போகுது டாக்டர், பரீட்சை நேரம், அசதி," என்றார். மருத்துவர் அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதினார். கூட்டி எழுதியதும் சத்து மாத்திரையாகத்தான் அவளிடம் போனது.

ஒரு நாள் மாத்திரையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே வாயாடி கேட்டாள்.

"அப்பா, நான் ஒரு நாள்கூட விடாமத்தானே சாப்பிடறேன்?"

"ஆமாடா."

"இது நல்ல மருந்துதானே?"

"ஆமாடா கண்ணு. ஏன்?"

"இல்ல, அளவு கூட்டியும் ஒண்ணும் ஆகலியே. எனக்கு மருந்துகூடக் கேக்காது போலப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அது வாயாடியின் பழைய சிரிப்பு இல்லை. அவர் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அவர் சொல்லவில்லை. மறுநாள் காலையில் யாருக்கும் தெரியாமல் பாட்டிலைக் காலி செய்து உண்மையான மாத்திரைகளை நிரப்பி வைத்தார். தப்பைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டதாகவே நம்பிக் கடைக்குப் போனார். மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியாததா? மகளின் நம்பிக்கை அத்தனை நாள் தாங்காது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அன்று பிற்பகல் வாயாடி தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தாள்.

மனைவிக்கு அலுவலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரியாது. பாதி வேலையில் எழுந்து வீட்டுக்கு வந்தாள். அதனால் பிள்ளை பிழைத்தாள்.

ஆபத்து நீங்கிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்ன பிறகு, நரைத்த தலை மருத்துவர் பெற்றவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"மாத்திரை ஒழுங்கா போச்சுதானே?"

"ஒரு நாள் தவறல டாக்டர். இவரே கையால குடுப்பாரு," என்றாள் மனைவி. அந்த நிலையிலும் குரலில் கணவனைப் பற்றி ஒரு பெருமை இருந்தது.

"அப்ப இந்த மருந்து இவளுக்கு ஒத்துக்கலன்னுதான் எடுத்துக்கணும். இதை விட்டுட்டு வேற மருந்துக்குப் போகணும். அதுல பக்கவிளைவு கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா வேற வழி இல்ல." மருத்துவர் பேனாவை எடுத்தார்.

கடைக்காரர் மனைவியின் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தார். பேனா நகரப் போவதைப் பார்த்தார்.

"எழுதாதீங்க டாக்டர்," என்றார். "அந்த மருந்து அவளுக்கு நல்லா ஒத்துக்கிச்சு. நான்தான் குடுக்கல."

எல்லாவற்றையும் சொன்னார். அக்கா வந்தது, பாட்டில், சத்து மாத்திரை, மகள் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில். மனைவி கத்தவில்லை, அழவும் இல்லை. எழுந்து போய் எதிர்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டாள், அவ்வளவுதான். அத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் வாங்காத அடி அது.

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

"என்கிட்ட சொன்னது பத்தாது சார். கண்ணு முழிச்சதும் அவ என்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'எங்க அப்பா தப்பான மருந்தே தரமாட்டாரு டாக்டர். அவர் குடுத்தே கேக்கலன்னா, கோளாறு எங்கிட்டதான் இருக்கு'ன்னு சொன்னா. அத அவ மனசுலேர்ந்து எடுக்க என்னால முடியாது. உங்களாலதான் முடியும்."

வார்டுக்குள் வாயாடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையில் ஊசிக் குழாய். கடைக்காரர் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"மருந்து உனக்குக் கேக்காமப் போகலடா. நீ சாப்பிட்டது அந்த மருந்தே இல்ல. அப்பா மாத்தி வச்சுட்டேன். வெறும் சத்து மாத்திரை."

அவள் மெல்லத் திரும்பினாள். "எப்பலேர்ந்து?"

"அத்தை வந்துட்டுப் போனதுலேர்ந்து."

அவர் எதிர்பார்த்தது கோபம். வந்தது வேறு.

"அப்ப... உண்மையான மருந்து எனக்குக் கேக்கும்?"

"கேக்கும்டா. கேட்டுச்சே. நீ பாடினியே, என் சட்டையக் கிண்டல் பண்ணினியே, அதெல்லாம் யாரு?"

குழாய் இல்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் விம்மினாள். "நான் இனிமே தேறவே மாட்டேன்னு நெனச்சுட்டேன். உங்க எல்லாருக்கும் பாரம்னு நெனச்சுட்டேன்." அம்மா ஓடி வந்து அவளை வாரி எடுத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அந்த அழுகையில் கடைக்காரருக்கு இடமில்லை.

ஓய்ந்த பிறகு மகள் அப்பாவைப் பார்க்காமல் பேசினாள்.

"இனிமே மாத்திரைய அம்மா குடுக்கட்டும். அட்டையோட குடுக்கட்டும், பேரப் படிச்சுட்டு நானே பிரிச்சுக்கறேன். நீங்க குடுக்காதீங்க."

பேச்சு வந்த நாளிலிருந்து அவரை நீ என்று கூப்பிட்ட பெண் அவள். "சரிம்மா," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து வெளியே வந்தார். பிள்ளை பிழைத்துவிட்டாள் என்பதும், பிள்ளை தன் கையை விட்டுப் போய்விட்டாள் என்பதும் ஒன்றாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தன.

அக்கா மூச்சிரைக்க வராந்தாவில் வந்துகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவளுக்கும் வாயாடி என்றால் உயிர்தான், அதில் சந்தேகமில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நடந்தது நடந்துபோச்சு. யார் கேட்டாலும் வயித்து வலின்னு சொல்லிடுவோம். நான் எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிடறேன், நீயும் மாத்திச் சொல்லிடாத."

"வேணாம்க்கா. மனசுக்கு நோய் வந்துச்சு, வைத்தியம் நடக்குதுன்னே சொல்லு. கால் ஒடிஞ்சா சொல்லுவோம்ல? அதே மாதிரி சொல்லு."

பக்கத்து பெஞ்சில் தங்கள் பிள்ளைகளோடு காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா பதறினாள்.

"மெதுவாப் பேசுடா. உள்ள பொண்ணு முழிச்சிருக்கா, வெளிய இத்தனை பேரு இருக்காங்க."

"இருக்கட்டும்க்கா. எல்லாருக்கும் தெரியட்டும். அவ நோய்க்கு மருந்து இருந்துச்சு. என் கடையிலேயே, கை எட்டற தூரத்துல இருந்துச்சு. என் வெட்கம்தான் அத அவ வாய்க்குப் போக விடல. பிள்ளை மனசுக்கு நோய் வர்றது அவமானம் இல்லக்கா. வந்த நோய மறைச்சு, வைத்தியத்தப் பாதியில நிறுத்தறோம் பாரு, அதுதான் அவமானம். அதுதான் பிள்ளைங்களக் கொல்லுது."