கத்திரி அக்காவின் முன்பல்

"எடுடீ உன் தொட்டிலை! என் மேசையை நகர்த்த நீ யாரு?"

"அந்த மேசை என்ன உங்க புருஷனா அண்ணி, இப்படிக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? புள்ளைக்கு ஜன்னல் காத்து வேணும்."

"வயித்துல இருக்குற புள்ள உன்கிட்ட காத்து கேட்டுச்சாக்கும்?"

"கேக்கும். சுமக்குறவளுக்குத்தான் அதெல்லாம் தெரியும். உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கல்யாணமே ஆகாதவளைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? பதில் வராமல் இருக்காது என்று காத்திருந்தேன். வந்தது.

"படுக்காது! இந்தத் தொட்டில்ல எந்தப் புள்ளையும் படுக்காது, பாத்துக்கிட்டே இரு!"

அவ்வளவுதான், சத்தம் அறுந்துபோனது. அந்த வீட்டுச் சண்டை அப்படி முடிகிற வழக்கமில்லை. பாத்திரம் உருளும், கதவு அடிபடும், கடைசியில் "சோறு ஆறுது, வந்து தின்னுங்க எல்லாரும்" என்று யாராவது கத்துவார்கள். அன்றைக்கு எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் சின்னவள் வயிற்றை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கிறாள். பெரியவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

பெரியவளைத் தெரு முழுக்கக் கத்திரி அக்கா என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கம்பெனிக்கு வீட்டிலேயே துணி வெட்டிக் கொடுப்பவள். முன்னறையை அடைத்துக் கிடப்பது அந்த வேலைக்கான மேசைதான். தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்து, பஸ்ஸில் கண்டக்டர் ஆக்கி, பெண்ணும் பார்த்துக் கட்டிவைத்தாள். சின்னவள் அந்தக் கண்டக்டரின் மனைவி. தலைப்பிள்ளை, மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கென்று வெட்டுத் துணியில் மிஞ்சியதையெல்லாம் சேர்த்து ஒரு மூட்டை சட்டை தைத்து வைத்திருந்தவளும் இதே கத்திரி அக்காதான். அவள் வாயில் இந்த வார்த்தை வந்தது என்றால் கோபம் எந்த மட்டுக்கு ஏறியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார் கோபத்தில் ஒன்று சொன்னதற்கு இவ்வளவு நடுக்கமா என்று கேட்கலாம். நடுக்கம் சொன்னவளைப் பார்த்து இல்லை, அவள் பல்லைப் பார்த்து.

எங்கள் தெருக்கோடியில் பெரியவர் என்ற சாமியாரின் சமாதி இருக்கிறது. பெரியவர் சொன்னால் சொன்னதுதான். வழியில் காலை நீட்டிக்கொண்டு நகர மறுத்த ஒருவனிடம், "உனக்கு இனிமே வழியே வேண்டாம்" என்றாராம். அவன் அன்று முதல் சொந்த வீட்டு வாசலைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டே இருந்து, வீடு கிடைக்காமலே செத்தானாம். அப்படிப்பட்ட வாயிலிருந்து மிஞ்சியது ஒரே ஒரு முன்பல். வெள்ளிப் பீடத்தில் பதித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதன் முன்னால் நின்று வாய்விட்டுச் சொன்னால் நடக்கும் என்று நம்பிக்கை. நானும் சொல்லியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு வேண்டாம்.

அந்தப் பல் ஒருநாள் காணாமல் போனது. சமாதிக்குச் சாவி வைத்திருந்த சாவிக்காரர், "திருட்டுப் போச்சு" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். வெளிநாட்டுக்காரன் வாங்கிப் போய்விட்டான் என்றார்கள். புதுக் கட்டடத்து அஸ்திவாரத்தில் புதைத்துவிட்டார்கள் என்றார்கள். சாவிக்காரரே சக்திக்காக முழுங்கிவிட்டார் என்றும் சொன்னார்கள். அது மட்டும் ஒட்டவில்லை. அவர் தன் மனைவியைப் பார்த்துத் தினமும் "நீ கொஞ்சம் வாயை மூடு" என்பார், அந்தம்மா மூடினதாகச் சரித்திரமே இல்லை.

இதற்கிடையில் கத்திரி அக்கா பேச்சு பலிக்க ஆரம்பித்தது. வாசலை மறித்து நின்ற தண்ணீர் லாரியைப் பார்த்து, "இங்கேயே படுத்துக் கெட" என்றாள். அச்சு முறிந்து லாரி வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தது. அது போகட்டும், வண்டி. கீழ்வீட்டு வாத்தியார் புற்றுநோயில் துடித்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து, கண்ணில் தண்ணீரோடு, "நாளைக்கு உங்களுக்கு வலியே இருக்காது பாருங்க" என்றாள். இருக்கவில்லை. விடியும்போது வாத்தியாரே இல்லை.

அப்போதுதான் தெருவில் யாரோ முடிச்சுப் போட்டார்கள். பெரியவர் பல் காணாமல் போவதற்கு முன்னால் பீடத்தில் ஆட்டம் கண்டு, அதை ஒட்டவைக்கப் பல்லுக்காரர் கடைக்கு எடுத்துப் போனார்களே, அதே வாரம்தானே கத்திரி அக்கா மாடிப்படியில் விழுந்து முன்பல் முழுசாகக் கழன்று வந்தது? பல்லுக்காரர் என்றால் பல் செட்டுக் கட்டுகிறவர். அவரிடம் ஒரு பழக்கம். சொந்தப் பல்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேரைத் தேய்த்துவிட்டு அதையே செட்டில் பதித்துத் தருவார். கத்திரி அக்காவும் கழன்ற பல்லைத் துணித்துண்டில் முடிந்துகொண்டு போய், "கண்டவன் பல்லு எனக்கு வேணாம், என்னதையே கட்டுங்க" என்று கொடுத்தவள். ஆகவே ஒரே வாரத்தில், ஒரே மேசையில், இரண்டு மனிதப் பல்.

இதெல்லாம் சின்னவளுக்கும் தெரியும். சண்டைக்குப் பிறகு அவள் சாப்பிடவில்லை. பிள்ளை அசைவது குறைந்துவிட்டது என்று அழுதாள். கண்டக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லீவு போட்டுவிட்டு ஒரு மத்தியானம் பல்லுக்காரரையும் சாவிக்காரரையும் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எனக்கும் அந்த நேரம் பார்த்து ஒரு ஊசி தேவைப்பட்டது. வாங்கப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை, இருந்துவிட்டேன்.

கத்திரி அக்கா செட்டைக் கழற்றி, கழுவி, ஒரு சாசரில் வைத்து மேசை மேல் நகர்த்தினாள். மேலுதடு உள்ளே போய், பத்து வயது கூடியவள் மாதிரி ஆகிவிட்டாள்.

பல்லுக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்கய்யா. அது எங்க அக்கா பல்லுதானே?" என்றார் கண்டக்டர்.

பல்லுக்காரர் சாவிக்காரரைப் பார்த்தார். சாவிக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே பஞ்சில் ஒரு பல்.

"இதுதான் இவர் ஒட்டிக் கொடுத்தது."

"திருட்டுப் போச்சுன்னீங்க?"

"போகல தம்பி. துடைக்கும்போது ஒருநாள் உத்துப் பாத்தேன். பெரியவர் பல்லை எங்கப்பன் காலத்துலேருந்து துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா? இது அது இல்ல. அதுக்குள்ள எத்தனை பேர் இது முன்னாடி வந்து நின்னாங்க! நடந்துச்சுன்னு நன்றி வேற சொல்லிட்டுப் போனாங்க. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது? திருட்டுப் போச்சுன்னா நம்ம மானமாவது மிஞ்சும்னு..."

பல்லுக்காரர் தீப்பெட்டிப் பல்லை வெளிச்சத்தில் பிடித்தார். அதன் ஓரத்தில் பொடியாக ஒரு வெட்டு. "நூல் கடிக்கிற பல்லு இது. தையல்காரங்களுக்குத்தான் இப்படிப் பள்ளம் விழும். செட்டுல இருக்குறதுல அது இல்ல." குரல் இறங்கிப்போயிருந்தது. "ரெண்டையும் சுத்தம் பண்ண ஒரே கிண்ணத்துல ஊறப்போட்டேன் கத்திரிம்மா. ஒரே அளவு, ஒரே நிறம். போன்ல எவன்கிட்டயோ கத்திக்கிட்டே கையை விட்டு எடுத்தேன். வேரை வேற அரத்தால தேச்சுட்டேன்."

"அப்ப ஊரே இத்தனை நாளா என் பல்லையா கும்பிட்டுச்சு?" என்று கேட்டுவிட்டுக் கத்திரி அக்கா பொக்கை வாயோடு சிரித்தாள். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. சிரிப்பை மறைக்க வாய்க்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது. தன் வாயில் இருந்தது யாருடையது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சின்னவள் மெல்ல எழுந்து வந்தாள். நடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நான் பேசினது தப்பு. மேசை இங்கேயே கெடக்கட்டும். அந்தப் பல்லைப் போட்டுக்கிட்டு, புள்ள நல்லபடியா பொறக்கும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"மாட்டேன்."

"அக்கா!"

"மாட்டேன்டா. வாத்தியாருக்கு நான் கெட்டதா சொன்னேன்? நல்லதுதானே சொன்னேன்? இந்தப் பல்லு நல்லதை எப்படி எடுத்துக்கும்னு எனக்குத் தெரியலையே. நல்லபடியான்னா யாருக்கு நல்லபடியா?"

சாவிக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா பல்லை என்கிட்ட கொடுத்துடலாமே? சமாதிக்கே போயிடட்டும்."

"கொடுத்துட்டா?" சின்னவள் அலறினாள். "சொன்ன சொல்லு அப்படியே நிக்குமே! அதை யார் எடுப்பா?"

கண்டக்டர் அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. கத்திரி அக்கா அந்தத் தலையைப் பார்த்தாள். பிறகு செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். துணியை மேசையில் விரித்து, கத்திரியைக் கையில் எடுத்த பிறகும், வெட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அந்தப் பார்வை. தப்பாக வெட்டினால் துணி போயிற்று.

"சொன்னதை மாத்த முடியாது. தொட்டில்ல படுக்காதுன்னேன், படுக்க வேணாம்" என்றாள். "புள்ள என் மடியில படுக்கும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. சபாஷ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்டக்டர் முகத்தில் ரத்தம் திரும்பிவிட்டது. பல்லுக்காரர்கூட மூச்சு விட்டார்.

சின்னவள் மட்டும் அசையாமல் நின்றாள்.

"உங்க மடியிலயா?" என்றாள். "அப்ப நான் எங்க இருப்பேன்?"

கத்திரி அக்கா ஏதோ சொல்ல வந்தாள். "வாயைத் தொறக்காதீங்க!" என்று சின்னவள் போட்ட சத்தத்தில் தீப்பெட்டி கீழே விழுந்தது. அதற்குப் பிறகு கத்திரி அக்கா அவள் முன்னால் வாயைத் திறக்கவே இல்லை.

மறுநாளே சின்னவளுடைய அண்ணன் வண்டி கொண்டுவந்தார். அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். தொட்டிலை எடுத்துக்கொள்ளவில்லை. தைத்து வைத்த சட்டை மூட்டையையும் தொடவில்லை. பெண் குழந்தை பிறந்தது. தாயும் நலம், பிள்ளையும் நலம் என்று செய்தி வந்தது. கத்திரி அக்கா புறப்பட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்டிலேயே தம்பி மறித்து நின்று, "வேணாம்க்கா, அவ பயப்படுறா. புள்ள உன் மடிக்கு வந்தா தன் உயிர் போயிடும்னு நெனைக்கிறா" என்று அடுத்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டாராம். டிக்கெட்கூட அவரே கிழித்தாராம், பழக்க தோஷம்.

நான் ஒருநாள் கேட்டேன், "அக்கா, அந்தப் பல்லைக் கழற்றிக் கொடுத்துட்டா எல்லாம் சரியாப் போயிடுமே?" என்று. அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஊசி கேட்டு வந்த விஷயமே மறந்துபோனது.

"சொன்னது நடக்கட்டும். அப்புறம் தரேன்" என்றாள்.

அந்தப் பார்வைக்குப் பிறகு அவள் வீட்டுப் படியை நான் மிதிக்கவில்லை. அவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான், வேறென்ன.

சாவிக்காரர் தீப்பெட்டிப் பல்லையே பீடத்தில் பதித்து, திருடன் மனம் திருந்திக் கொண்டுவந்து போட்டதாகச் சொல்லிவிட்டார். கூட்டம் முன்னைவிட அதிகம். போன வருஷம் தன் பெண்ணைக் கூட்டம் கூட்டமாக ஆளைக் கூப்பிட்டுக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை அங்கே வேண்டிக்கொள்ள வந்தவர்தான். பல்லுக்காரர் கடையை மூடிவிட்டுத் தன் மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். கண்டக்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு மாமனார் ஊரிலேயே தனி வீடு பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச நாளில் கத்திரி அக்காவும் காலி செய்துகொண்டு போனாள். மேசை, தொட்டில், சட்டை மூட்டை எல்லாம் ஒரே வண்டியில் போயின. தம்பி வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு அறை எடுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அது தெரிந்ததும் சின்னவள் வேறு ஊருக்கு வீடு மாற்றவைத்தாள். அடுத்த மாதமே கத்திரி அக்காவும் அந்த ஊருக்கு மாறிவிட்டாளாம்.