ஏழாவது கிட்டாரின் எடை

நான் செய்த கிட்டாரைக் குறை சொல்ல வருகிறவர் முதலில் அதை மடியில் வைத்து ஒரு தடவை வாசித்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும். இதற்குப் பெயர் தலைக்கனம் என்பாள் என் மனைவி. சொல்லிவிட்டுப் போகட்டும். பகலெல்லாம் எனக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வண்டி நிறுத்துகிற அறையில் மரத்தூளுக்கு நடுவே இருப்பேன். வண்டி வெளியே மழையில் நிற்கும். பத்து வருடத்தில் ஆறு எலெக்ட்ரிக் கிட்டார்களை முழுசாக என் கையால் செய்து நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை.

ஏழாவது, என் அக்காவுக்குச் செய்தது.

அக்கா ஒரு பாட்டுக் குழுவில் இருபத்தாறு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறாள். போன வருடம் மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் இடது தோள் முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். எட்டு மாதம் வீட்டோடு கிடந்தாள். விரல்கள் பழையபடி ஓடின, தோள்தான் ஒத்துழைக்கவில்லை. மூன்று கிலோவுக்கு மேல் எதையும் அந்தத் தோளில் மாட்டக் கூடாது என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவின் பழைய கிட்டார் நாலரை கிலோ. வாரைத் தோளில் போட்டு எழுந்து நின்றால் பத்தே நிமிடத்தில் முகம் வெளுத்துவிடும்.

குழுவை நடத்துகிறவரை எல்லாரும் கேப்டன் என்பார்கள். கீபோர்டு வாசிப்பார். நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் நிகழ்ச்சிகள் நடந்தாக வேண்டுமே. அக்காவின் இடத்தில் தற்காலிகமாக ஒருவரைப் போட்டிருந்தார். அவரும் எத்தனை நாள் தற்காலிகமாகவே இருப்பார்? கடைசியில் கேப்டன் வீட்டுக்கே வந்து, மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

"அன்னைக்குக் காலைல ஒத்திகைக்கு வாங்கம்மா. மேடைல நிக்கிற மாதிரியே மூணு மணி நேரம் நின்னு வாசிக்கணும். முடிஞ்சா உங்க இடம் உங்களுக்குத்தான். முடியலைன்னா என்னைத் தப்பா நினைக்காதீங்க."

அவர் போன பிறகு அக்கா என்னைப் பார்த்து, "விட்டுடலாம்னு நினைக்கிறேன்டா," என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது என் கையில் வாய்ப்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க வாசித்தவள் இவள். இவள் விட்டுவிடுவதாவது?

"மூணு கிலோதானே பிரச்சினை? மூணு கிலோவுக்குள்ள நான் பண்ணித் தர்றேன். நீ பேசாம விரலைப் பழக்கு," என்றேன்.

இலேசான மரமாகத் தேடி நாலு மரக்கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், பெட்டி செய்ய வைத்திருந்த பலகையைக் காட்டினார். தூக்கினால் கையில் இருப்பதே தெரியவில்லை. அதை வெட்டி, உடலின் உள்ளே மரம் குடைகிற மெஷினால் ஐந்து அறைகளாகக் குடைந்து, மேலே மெல்லிய பலகை ஒட்டி மூடினேன். என் மனைவிக்குப் பார்சல் அலுவலகத்தில் வேலை. அங்கே கழித்துப் போட்ட எடை மெஷின் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். அதற்கப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே சொல்லலாம். ஒவ்வொரு துண்டையும் நிறுத்தேன். உப்புத்தாள் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, போட்ட பிறகு ஒரு தடவை.

"ஏழு கிராம் குறைஞ்சிருக்கு," என்று சமையலறைக்குப் போய்ச் சொன்னேன்.

"அப்படியா? ஊரைக் கூட்டிச் சொல்லிடலாமா?" என்றாள் மனைவி.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. கிட்டாரின் கழுத்து முடிகிற இடத்தில், கம்பிகளை முறுக்கும் ஆறு சாவிகள் இருக்கிற பகுதிக்குத் தலை என்று பெயர். நான் செய்கிற கிட்டார்களுக்கெல்லாம் தலை காக்கையின் தலை மாதிரி இருக்கும். நீண்ட மூக்கு, லேசாகச் சாய்ந்த பார்வை. அதைப் பார்த்தால் இன்னார் செய்தது என்று தெரிந்துவிடும். அக்காவுக்கு வைத்ததுதான் இருப்பதிலேயே அழகு. கருங்காலித் தகடு ஒட்டி, சிப்பியில் கண் பதித்து, அந்த மூக்கின் வளைவுக்கு மட்டும் பதினோரு சாயங்காலம் உட்கார்ந்தேன்.

கேப்டன் குறித்த சனிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், புதன்கிழமை சாயங்காலம், அக்காவை வரச் சொன்னேன். கிட்டாரை மெஷினில் வைத்தேன். இரண்டு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்து வாசித்தாள். சும்மா சொல்லக் கூடாது, அறையே நிறைந்துவிட்டது. மேல் கம்பியில் ஒரு சுரத்தை இழுத்து நிறுத்திவிட்டு, அது அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். என் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு அக்கா வாரைத் தோளில் மாட்டி எழுந்து நின்றாள். முன்னால் விழுந்த முடியை ஒதுக்க இடது கையை எடுத்தாள். அவ்வளவுதான். கிட்டாரின் தலை சரசரவென்று இறங்கித் தரையைப் பார்த்தது.

அக்கா கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். விட்டாள். மறுபடியும் இறங்கியது.

"ஏங்க, என்ன இது, மண்டை தொங்குது?" என்றாள் மனைவி.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உடலைக் குடைந்து குடைந்து இலேசாக்கிவிட்டேன். கழுத்தும் தலையும் பழைய கனத்திலேயே இருக்கின்றன. எடை எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தலை விழாமல் இருக்க அக்கா அதை இடது கையால் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டும். தாங்க வேண்டியது எது? அதே முறிந்த தோள். செய்த கிட்டார்களை எல்லாம் நான் மேஜையிலும் மடியிலும் வைத்துத்தான் சோதித்திருக்கிறேன். நின்றுகொண்டு வாசிக்க எனக்குத் தெரியாது. அதனால் ஒரு தடவைகூட வாரில் மாட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

"லிஃப்ட்ல ஒரு பக்கம் ஆள் ஏறினா இன்னொரு பக்கம் எடை இழுக்கணும்னு எனக்கே பாடம் எடுத்தவர்தானே நீங்க?" என்றாள் மனைவி.



"பரவாயில்லைடா, பழகிடும்," என்று அக்கா வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது பாட்டில் உதட்டைக் கடித்தாள். மூன்றாவது பாட்டின் நடுவில் நிறுத்தி, வாரைக் கழற்றி, கிட்டாரை மேஜைமேல் மெதுவாக வைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்குடா. சனிக்கிழமை விட்டா அவ்வளவுதான். கேப்டன் என் இடத்தை அந்தப் புது ஆளுக்கே கொடுத்துடுவாரு."

வார் மாட்டும் குமிழை இடம் மாற்றித் திருகிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை, போதாது. பின்பக்கம் ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். நேராக நிற்க முந்நூற்றைம்பது கிராம் கேட்டது. மொத்தம் மூன்று கிலோவைத் தாண்டிவிட்டது. கனத்தைச் சேர்த்துப் பயனில்லை, கனம் இருக்கிற இடத்தில்தான் கை வைக்க வேண்டும். அது எந்த இடம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் கால் மணி நேரம் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

டிராயரில் ஒரு பொருள் கிடந்தது. தலையே இல்லாத கிட்டார்களுக்கென்று செய்கிற பாலம் அது, அதாவது உடல்மேல் கம்பிகளைத் தாங்கிப் பிடிக்கிற பாகம். சாவிகள் மேலே இல்லாமல் கீழே, வால் பக்கம் இருக்கும். என்னைப் போலக் கிட்டார் செய்கிற ஒரு நண்பர் கொடுத்தது. தலையில்லாத கிட்டாரை எவன் தொடுவான் என்று நக்கலடித்து உள்ளே போட்டிருந்தேன். அதை எடுத்துத் துடைத்து மேஜையில் வைத்தேன். பிறகு சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தை எடுத்தேன்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அதை வெட்டாதே. நீ இதுக்கு எத்தனை நாள் உட்கார்ந்தேன்னு எனக்குத் தெரியும். நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

"தலை எனக்காக வெச்சதுக்கா," என்றேன். "ஊர் பார்த்து என் பேரைச் சொல்லணும்னு வெச்சது. உனக்கு இதுல ஒரு பிரயோஜனமும் இல்லை. கையை எடு."

அவள் கையை எடுத்தாள்.

கம்பிகளைக் கழற்றினேன். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் திருகை நல்லவேளையாக உடல் பக்கம் வைத்திருந்தேன். கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டுக்கு இரண்டு விரல் தள்ளிக் கோடு போட்டு, ரம்பத்தை வைத்து அறுத்தேன். அளவில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவில்லை. வலித்ததா என்றால் வலித்தது. காக்கைத் தலை மேஜையில் உருண்டது. மனைவி அதை எடுத்து மெஷினில் வைத்து நிறுத்தாள்.

"சாவியோட சேர்த்து முந்நூற்று எழுபது," என்றாள்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். பித்தளைக் கட்டை ஒன்றை அரத்தால் ராவி, ஆறு துளை போட்டு, கம்பிகளின் நுனியைத் திருகிப் பிடிக்கிற கவ்வி செய்தேன். அறுத்த இடத்தில் அதைப் பொருத்தினேன். பழைய பாலத்தைக் கழற்றி, துளைகளை அதே மரத்தால் அடைத்து, புதியதை மில்லிமீட்டர் பிசகாமல் இறுக்கினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அக்கா வந்து வாரை மாட்டி நின்றாள். இரண்டு கையையும் எடுத்தாள். கிட்டார் வைத்தது வைத்தபடி குறுக்கே நின்றது. மறுபடியும் நிறுத்துப் பார்த்தோம். இரண்டு கிலோ அறுநூற்று எழுபது. அக்கா என் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனாள். எனக்கு நாற்பத்தாறு வயது.

சனிக்கிழமை காலை ஒத்திகை அறைக்கு நானும் போனேன். கேப்டன் கிட்டாரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"என்னம்மா, தலையைக் காணோம்?"

"வீட்ல விட்டுட்டு வந்துட்டேன். வாசிக்கிறதுக்கு அது எதுக்கு?" என்றாள் அக்கா.

ஆரம்பித்தார்கள். முதல் ஒரு மணி நேரம் என்ன பாட்டு வாசித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அவள் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உயரவில்லை, நடுங்கவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். டிரம்ஸ்காரரைப் பார்த்துச் சிரித்தாள், தாளம் தப்பிய பாடகரைக் கண்ணாலேயே அதட்டினாள். அப்போதுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது. சுவரோரம் சாய்ந்து நின்று பாட்டைக் கேட்க ஆரம்பித்தேன்.

இரண்டரை மணி நேரம் ஆனபோது கேப்டன் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக வளைந்தார்.

"போதும்மா, பார்த்தாச்சு. எனக்கே முதுகு விட்டுப்போச்சு."

"இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருக்கு கேப்டன்," என்றாள் அக்கா. "முடியலைன்னா நீங்க உட்கார்ந்துக்குங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்கா அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.