பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது

"மெதுவா அழுத்து. வேகமா அழுத்தினா எண்ணெயோட காத்தும் உள்ள போயிரும்," என்றான் சுகுமாறன்.

வாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிஞ்சை அழுத்தினாள். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு, உள்ளே புது பிரேக் எண்ணெய். மருந்துக்கடைப் பெண், "மூக்கு வழியா சாப்பாடு குடுக்கவா அக்கா?" என்று பரிதாபமாகக் கேட்டபோது, சைக்கிளுக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு ஆமாம் என்று தலையாட்டி வாங்கி வந்தது. அதன் நுனியில் மீன்தொட்டிக் குழாய் ஒரு முழம். குழாயின் மறுமுனை முன்பிரேக்கின் அடித் திருகில் செருகியிருந்தது. மேலே, ஹேண்டிலில், இன்னொரு சிரிஞ்சின் வெறும் கூடு புனலைப் போல நின்றது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டைகளில் எண்ணெய் படாமலிருக்க அவற்றைக் காகிதத்தில் சுற்றித் தள்ளி வைத்திருந்தார்கள். கட்டைகள் இருந்த இடைவெளியில் உடைந்த மரக்கரண்டியின் காம்பு.

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் கடைவரிசையின் மாடியில் ஓர் அறைதான் அவர்கள் வீடு. பின்சந்தின் நடைபாதையில் மின்சைக்கிளைச் சுவரோடு சாய்த்து வைத்து வேலை நடந்தது. செய்பவள் வாணி. சொல்பவன் சுகுமாறன். அவனுடைய வலது கை மாவுக்கட்டோடு கழுத்தில் தொங்கியது. சொல்லிக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருப்பது அவனுக்கு உடைந்த கையைவிட அதிகமாக வலித்தது.

மேலே இருந்த கூட்டுக்குள் எண்ணெய் ஏறி வந்தது. காப்பிக் கறுப்பு. அதோடு பொடிப்பொடியாகக் குமிழிகள்.

"பாரு, பாரு! அதான் காத்து. இத்தனையையும் உள்ள வச்சுக்கிட்டு எப்படி பிடிக்கும்? ஒடஞ்ச கரண்டித் தலையால குழாயத் தட்டு."

அவள் தட்டினாள். குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறி உடைந்தன. பங்சார் இறக்கத்தில் அவன் பிரேக்கை அழுத்தியபோது கையில் வந்தது இந்தக் காற்றுதான். பிரேக் பிடி ஹேண்டிலோடு ஒட்டிக்கொண்டது, சைக்கிள் நிற்கவில்லை. பெட்டியிலிருந்த பிரியாணியோடு அவனும் தெருவோர லோங்காங் சாக்கடையில் கிடந்தான். சாப்பாடு வரவில்லை என்று புகார் செய்ய ஆள் இருந்தது. கை உடைந்ததைச் சொல்லத்தான் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

சைக்கிள் கிஷனுடையது. டெலிவரி ஆட்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். போனில் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "பைக் மேல கோளாறுன்னா ஆஸ்பத்திரி செலவு என்னோடது பிரதர். நேர்ல வந்து பாக்கறேன்." இதோ வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. வாடகை மட்டும் நிற்காமல் ஓடியது.

"அவரு வந்து பாத்தப்புறம் செய்யலாமே," என்று காலையில் சுகுமாறன் இழுத்தான்.

"அவரு வர்ற வரைக்கும் சோறு வேணாமா? நான்தான் ஓட்டணும். பிரேக் இல்லாம நானும் போய் விழட்டுமா?"

அவன் இடக்கையால் ஸ்பானரை எடுத்து நீட்டினான்.

கறுப்பு எண்ணெயை வெட்டிய தண்ணீர்ப் போத்தலில் உறிஞ்சி விட்டாள். மறுபடி அழுத்தினாள். மூன்றாம் தடவை தெளிந்த எண்ணெய் வந்தது, குமிழி இல்லை. திருகை இறுக்கி, கட்டைகளையும் சக்கரத்தையும் மாட்டி, பிரேக்கைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஐயோ, கல்லு மாதிரி இருக்குங்க!"

அவன் இடக்கையால் பிடித்துப் பார்த்தான். நிஜமாகவே கல். அவள் சந்தில் ஒரு சுற்று ஓட்டிவந்து, அவன் காலருகே சடக்கென்று நிறுத்திச் சிரித்தாள். விழுந்த நாளுக்குப் பிறகு இன்றுதான் அந்தச் சிரிப்பைப் பார்க்கிறான்.

அப்போதுதான் கிஷனின் கார் சந்துக்குள் நுழைந்தது. கூடவே ஹெல்மெட்டும் கையுமாக ஒரு புது ஆள் இறங்கினான்.

"சாரி லா பிரதர், ரொம்ப பிஸி. எங்க, பைக்க காட்டுங்க." கிஷன் பிரேக்கைப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். "என்ன பிரதர், பிரேக் நல்லாத்தானே இருக்கு?"

"இப்பத்தான் அண்ணே சரி பண்ணோம்," என்றாள் வாணி. போத்தலைத் தூக்கிக் காட்டினாள். "இதெல்லாம் உள்ள இருந்தது. எவ்ளோ கறுப்பு பாருங்க."

"இது எந்த மோட்டார்ல இருந்து எடுத்த எண்ணெயோ, எனக்கு எப்படித் தெரியும்? என்னைக் கேக்காம பைக்க யாரு தொடச் சொன்னா? நீங்க தொட்டுட்டீங்கன்னா என் பொறுப்பு முடிஞ்சுது."

"பிரேக் சாஃப்டா இருக்குன்னு விழுறதுக்கு முன்னாடியே வாய்ஸ் அனுப்பினேனே அண்ணே," என்றான் சுகுமாறன். "ரெண்டு தடவ அனுப்பினேன். நீங்க ஓகேன்னு போட்டீங்க."

கிஷன் கொஞ்சம் யோசித்தார். பிறகு வருத்தமான முகத்தோடு சொன்னார்: "பிரேக் சரியில்லன்னு தெரியுது. தெரிஞ்சும் ஏன் ஓட்டினீங்க? அப்போ யாரு மேல தப்பு?"

ஓட்டாமல் இருந்தாலும் வாடகை கேட்டிருப்பீர்களே என்று சுகுமாறன் சொல்வதற்குள் கிஷன் சைக்கிளைச் சுற்றி வந்து தொடர்ந்தார்.

"வாடகை வேற பாக்கி நிக்குது. ரிம்மு நெளிஞ்சிருக்கு. டெபாசிட்ல கழிச்சுக்கறேன், மேல கேக்க மாட்டேன். பைக்க இவருக்குக் குடுத்துடறேன்."

"நான் ஓட்டறேன் அண்ணே. இன்னிக்கே ஓட்டறேன். அதுக்குத்தானே சரி பண்ணோம்," என்றாள் வாணி.

"அவரு கை சரியாகட்டும் அக்கா, அப்புறம் பாக்கலாம்." கிஷன் காரில் ஏறிக்கொண்டார்.

புது ஆள் சங்கடத்தோடு அவர்களைப் பார்க்காமலே சைக்கிளை எடுத்தான். வாணி காலையில் துடைத்து வைத்த இருக்கையில் உட்கார்ந்து சந்து முனைக்கு விரைந்தான். பெரிய தெருவிலிருந்து ஒரு வேன் ஹாரன் அடிக்காமல் திரும்பியது. சுகுமாறனின் இடக்கை விரல்கள் அவனை அறியாமல் பிரேக் பிடிப்பதுபோல் மடங்கின.

சைக்கிள் வேனுக்கு ஒரு முழம் முன்னால் அசையாமல் நின்றது.

காரின் கண்ணாடி இறங்கியது. "பாத்தீங்களா பிரதர்?" என்றார் கிஷன். "பிரேக்ல ஒண்ணும் இல்ல."

வாணி கறுப்பு எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.